அம்பாங் சாலை மாளிகை நமக்குச் சொல்லும் பாடம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற மூதுரை. கட்டுவது அரிய செயல் என்பதை அது சொல்கிறது. கட்டியதைக் காப்பது அதனினும் அரிது என்பதைச் சொல்ல, தலைநகரின் அம்பாங் சாலையில் நின்று மறைந்த ஒரு மாளிகையின் வரலாறே போதும். ஆலயத் திருவிழா மலரில் ஒரு சீனச் செல்வரின் வீட்டைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று அன்பர்கள் எண்ணக்கூடும். கட்டுரையை இறுதி வரை வாசித்தால் அந்த மாளிகைக்கும் நம் ஆலயங்களுக்கும் உள்ள உறவு விளங்கும் என்று நம்புகிறேன்.

பெட்டாலிங் ஜெயாவில் வாழும் நமக்குப் பழைய மாளிகைகளோடு பழக்கம் குறைவு. நம் நகரமே இளைய நகரம். 1952-ஆம் ஆண்டு, எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டமாக இருந்த ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில், கோலாலம்பூரின் நெருக்கடியைத் தணிக்கும் பொருட்டு உருவாக்கப்பட்ட குடியிருப்பு இது. எளிய குடும்பங்களுக்கான சிறிய வீடுகளோடு தொடங்கியது. ஆகவே தூண்களும் சலவைக்கல் தளமும் கொண்ட வீட்டைக் காண வேண்டுமாயின் நம்மவர் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகத் தலைநகருக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது.

நான் அப்படித்தான் அந்த மாளிகையை முதன்முதலில் கண்டேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த காலம். என் தந்தையார் கட்டுமானப் பொருள் ஏற்றும் லோரி ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் சில நாள்கள் என்னையும் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு செல்வார். அம்பாங் சாலையில் வண்டி நெரிசலில் நின்றபோது, மரங்களுக்குப் பின்னால் உயர்ந்த தூண்களோடு ஒரு வீடு தெரிந்தது. "அது சுல்தான் அரண்மனையா அப்பா?" என்று கேட்டேன். "இல்லைடா, சைக்கிள் கடைக்காரர் கட்டின வீடு" என்றார் அவர். அந்த விடையை நான் நம்பவில்லை. தந்தையார் விளையாட்டாகச் சொல்கிறார் என்றே எண்ணினேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பதைப் பின்னாளில் நூல்களைப் படித்தே அறிந்தேன்.

சைக்கிள் கடையிலிருந்து மாளிகை வரை

அந்த மாளிகையின் பெயர் போக் மாளிகை. கட்டியவர் சுவா செங் போக் என்னும் சீன வணிகர். 1899-ஆம் ஆண்டு அவர் தம் சகோதரர்களுடன் கோலாலம்பூரில் பெடரல் ஸ்டோர்ஸ் என்ற கடையைத் தொடங்கினார். பின்னர் அந்நிறுவனம் சைக்கிள் அண்ட் கேரியேஜ் என்ற பெயரைப் பெற்றது. பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். முதலில் மிதிவண்டி, பிறகு குதிரை வண்டி, அதன் பின் மோட்டார் வாகனம் என நாட்டின் சாலைகள் வளர வளர நிறுவனமும் வளர்ந்தது. பிற்காலத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் வாகனங்களின் விற்பனையாளர் என்ற பெயரால் நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் அதனை அறியாதவர் இல்லை.

ஈயமும் ரப்பரும் பொன்னாக விளைந்த காலம் அது. ஈயச் சுரங்க முதலாளிகளும் பெருவணிகர்களும் நகரின் நெருக்கத்தை விட்டு விலகி, அம்பாங் சாலையின் இரு மருங்கிலும் பெரிய தோட்டங்களுக்கு நடுவே மாளிகைகளை எழுப்பினர். அம்பாங் சுரங்கங்களுக்குச் செல்லும் வழியாக இருந்த சாலை, செல்வர் வீதியாக மாறியது. குதிரைப் பந்தயத் திடலும் அருகிலேயே அமைந்திருந்தது. அவ்வீதியில்தான் சுவா செங் போக்கும் தம் இல்லத்தை எழுப்பினார். 1929-ஆம் ஆண்டு அது கட்டி முடிக்கப்பட்டது.

அவ்வீட்டைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. இளமையில் அவர் ஒரு செல்வர் மகளை மணக்க விரும்பினாராம். மிதிவண்டி பழுது பார்ப்பவனுக்குப் பெண் கொடுப்பதா என்று பெண்ணின் தந்தை மறுத்துவிட்டாராம். அந்தச் செல்வரின் வீட்டை விடப் பெரிய வீட்டை அதே வீதியில் எழுப்பிக் காட்டுவேன் என்று உறுதி பூண்டு இம்மாளிகையைக் கட்டினார் என்பது கதை. இதற்குச் சான்று காட்டுவது அரிது. ஆயினும் ஒரு சமுதாயம் ஒரு கட்டடத்தைச் சுற்றிக் கதை பின்னுகிறது என்றால், அக்கட்டடம் அதன் மனத்தில் இடம் பிடித்துவிட்டது என்பதே பொருள். நம் கிராமத்துக் கோயில்களுக்கும் தலபுராணம் இப்படித்தான் பிறந்தது.

மாளிகையின் அமைப்பு

மாளிகையை வடிவமைத்தது சிங்கப்பூரில் புகழ்பெற்ற ஸ்வான் அண்ட் மக்லாரன் என்ற கட்டடக் கலை நிறுவனம். ராஃபிள்ஸ் ஹோட்டலின் முதன்மைக் கட்டடமும் அவர்கள் கைவண்ணமே. இத்தாலிய நாட்டு மறுமலர்ச்சிக் கால மாளிகைகளின் இலக்கணத்தைப் பின்பற்றி, நடுக்கோட்டின் இரு புறமும் ஒன்றுபோல் அமையும் முகப்பும், இலை வேலைப்பாடு கொண்ட தலைப்புடைய தூண்களும் அமைக்கப்பட்டன. தரைக்கு இத்தாலியச் சலவைக்கல் வந்தது. அறைகளை முத்துச்சிப்பி பதித்த சீனக் கருமர இருக்கைகள் அலங்கரித்தன.

வெளித்தோற்றம் ஐரோப்பியம் என்றாலும் உள்ளே வாழ்ந்தது ஒரு சீனக் குடும்பம். சூழ்ந்திருந்தது மலாய் மண்ணின் வெயிலும் மழையும். உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், காற்று ஊடாடும் சாளரம் ஆகியவை மின்விசிறி பெருகாத காலத்தில் வீட்டைக் குளிர்வித்த ஏற்பாடுகள். நம் செட்டிநாட்டு வீடுகளைக் கண்ட அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கும் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஐரோப்பியக் கண்ணாடியும் சேர்ந்து ஒரு தமிழ் வீட்டை ஆக்கின. அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி மலாயாவில் ஈட்டியதே. கடல் கடந்து பொருள் ஈட்டியவர், தாம் கண்ட உலகத்தை எல்லாம் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க விரும்பிய காலம் அது.

மாளிகை முடிந்த ஆண்டின் இறுதியில்தான் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. ரப்பர் விலையும் ஈய விலையும் சரிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். அம்பாங் சாலையில் சலவைக்கல் தளம் பளபளத்த காலமும், நம் பாட்டன்மார் மூட்டை முடிச்சுடன் துறைமுகத்தில் நின்ற காலமும் ஒன்றே. மாளிகையின் வரலாற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே முழு வரலாறு.

அண்டை மாளிகைகளும் அவற்றின் விதியும்

சுவா செங் போக் 1940-ஆம் ஆண்டு காலமானார். பிறகு வந்த ஜப்பானியர் ஆட்சியில் (1942 முதல் 1945 வரை) தலைநகரின் பெரிய மாளிகைகள் பலவற்றைப் போலவே இதுவும் ஜப்பானியர் கைக்குச் சென்றது. போர் முடிந்து நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், அதாவது 1958-இல், மாளிகை ஓர் உயர்தர உணவகமாக மாறியது. 'பொன் சேவல்' என்று பொருள்படும் 'லெ கோக் டோர்' என்ற பிரெஞ்சுப் பெயர் அதற்கு இடப்பட்டது. 43 ஆண்டுகள் அவ்வுணவகம் அங்கே நடைபெற்றது. திருமண விருந்துக்கும் பணி ஓய்வு விருந்துக்கும் நகரத்தார் அங்கே கூடினர். ஒரு தனி மனிதரின் வீடு, ஊராரின் நினைவில் இடம் பெற்ற பொது இடமாயிற்று.

இங்கே அதன் அண்டையிலும் அக்காலத்திலும் எழுந்த வேறு இரு மாளிகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது, அதே அம்பாங் சாலையில் ஈய முதலாளி யூ தோங் சென் 1935-இல் கட்டிய மாளிகை. இது பின்னர் அரசின் கைக்கு வந்தது. விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றம் 1959 செப்டம்பரில் முதன்முதலாகக் கூடியது அவ்வளாகத்து மண்டபத்தில்தான். இன்று அது சுற்றுலாத் தகவல் மையமாக இயங்குகிறது. அரசு அலுவல் ஒன்று எப்போதும் அங்கே இருந்ததால் கட்டடம் பிழைத்தது.

இரண்டாவது, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைக்கு அருகே உள்ள லோக் இயூ மாளிகை. முன்பே இருந்த ஒரு வீட்டை 1892-இல் வாங்கிய லோக் இயூ, அதனைப் படிப்படியாகப் புதுப்பித்து 1904-இல் முடித்தார். டச்சு முறை முகப்பும் சீன முறை வட்ட வாயிலும் அதில் ஒருங்கே காணலாம். பிற்காலத்தில் அம்மாளிகையும் பாழடையும் நிலைக்கு வந்தது. 2007-ஆம் ஆண்டளவில் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்று அதனைக் குத்தகைக்கு எடுத்து, பழுது நீக்கித் தன் அலுவலகமாக ஆக்கிக்கொண்டது. தனியார் சொத்தாகவே இருந்தும், பொருத்தமான ஒரு குடியிருப்பாளர் வந்ததால் அது பிழைத்தது.

போக் மாளிகைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2001-ஆம் ஆண்டு உணவகம் வெளியேறியது. விளக்கு அணைந்தது. ஆளில்லாத வீட்டுக்கு நேர்வது என்ன என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். மாலையில் விளக்கேற்றாத வீட்டில் ஒரு மழைக்காலத்திலேயே ஓடு நழுவும். ஒழுக்கு சுவரில் இறங்கும். கதவும் சாளரமும் களவு போகும். மாளிகையும் அப்படியே நலிந்தது.

அதே வேளையில் மாளிகை நின்ற நிலத்தின் மதிப்பு வானத்துக்கு ஏறியிருந்தது. குதிரைப் பந்தயத் திடல் 1990-களின் தொடக்கத்தில் சுங்கை பெசிக்கு மாற்றப்பட்டு, அவ்விடத்தில் 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எழுந்தது. வீடு விலை குறைந்தது; நிலம் விலை கூடியது. இவ்விரண்டும் எங்கே சேர்கின்றனவோ அங்கே இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கும். இது யார் மீதும் குறை கூறுவதற்காகச் சொல்வதன்று. தம் சொத்தை என்ன செய்வது என்பதில் உரிமையாளருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த உரிமைக்கும் பொதுமக்களின் நினைவுக்கும் இடையே நியாயம் காண்பது சட்டத்தின் வேலை.

சட்டம் வந்தும் வராத நிலை

அரசு ஊழியன் என்ற முறையில் இப்பகுதியை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பழைய கட்டடங்களைக் காக்க 1976-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் இருந்தது. நூறாண்டு நிறைந்த கட்டடங்களே அதன் கண்ணில் பழஞ்சின்னம். 1929-இல் முடிந்த மாளிகைக்கு அந்த வயது இல்லை. இக்குறையை நீக்கத் தேசிய பாரம்பரியச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு என்ற வரம்பு நீங்கியது. பாரம்பரிய ஆணையர் என்ற பதவியும் தேசியப் பாரம்பரியப் பதிவேடும் ஏற்பட்டன. ஆபத்தில் உள்ள இடத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கவும் வழி செய்யப்பட்டது.

ஆக, மாளிகையைக் காக்கக்கூடிய சட்டம் இருந்தது. கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று பாடான் வாரிசான் மலேசியா என்ற பாரம்பரிய அமைப்பு குரல் கொடுத்தது. ஆயினும் அரசிதழில் அறிவிப்பு வெளிவரவில்லை. 2006 டிசம்பர் 15-ஆம் நாள் போக் மாளிகை இடித்துத் தள்ளப்பட்டது. அப்போது அதன் வயது 77. சட்டம் நடைமுறைக்கு வந்து பத்து மாதம்கூட நிறைவு பெறவில்லை. நம் பெட்டாலிங் ஜெயா மாநகர் என்ற தகுதி பெற்றதும் அதே ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் என்பதை அன்பர்கள் நினைவுகூரலாம். ஒரு நகரின் பெருமையை நாம் கொண்டாடிய ஆண்டில், அண்டை நகரின் பெருமை ஒன்று மண்ணாயிற்று.

இடிக்கப்பட்டதற்கு மறு வாரம் அலுவல் நிமித்தம் அவ்வழியே சென்றேன். துத்தநாகத் தகடுகளால் வேலி அடைத்திருந்தார்கள். உள்ளே பார்க்க முடியவில்லை. அன்று மாலை தந்தையாரிடம் சொன்னேன். "சைக்கிள் கடைக்காரர் வீடா?" என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டு வாசலை அவர் ஒரு நாளும் மிதித்தவர் அல்லர். ஆயினும் அவர் வண்டி ஓட்டிய நகரத்தின் அடையாளம் ஒன்று போய்விட்டது.

செல்வர் ஒருவர் எழுப்பிய கோயில்

இனி நம் சமுதாயத்தின் பக்கம் வருவோம். லோக் இயூவின் காலத்தில் அவரோடு தோளோடு தோள் நின்ற தமிழர் ஒருவர் இருந்தார். அவரே கா. தம்புசாமி பிள்ளை. ரவாங் ஈயச் சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டு, இந்நாட்டிலேயே முதன்முறையாக, மின்னாக்கி இயந்திரத்தை நிறுவியவர்கள் இவ்விருவருமே. 1893-இல் விக்டோரியா கல்விக்கழகத்தைத் தோற்றுவித்தவர்களிலும் இருவரும் இடம் பெற்றனர்.

தம்புசாமி பிள்ளை 1873-ஆம் ஆண்டு தம் குடும்பக் கோயிலாக மகாமாரியம்மன் ஆலயத்தை அமைத்தார். முதலில் இரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த அக்கோயில், 1885-இல் இப்போதுள்ள துன் எச். எஸ். லீ சாலைக்கு மாற்றப்பட்டது. அத்தாப்புக் கூரையாக இருந்தது 1887-இல் செங்கற் கட்டடமாயிற்று. 1920-களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இப்போதைய கட்டடம் 1968-இல் முடிவுற்றது. ஐந்து நிலை இராஜகோபுரம் அதற்குப் பின் எழுந்தது. பத்துமலைத் திருமுருகன் ஆலயத்தையும் கோர்ட்டுமலைப் பிள்ளையார் ஆலயத்தையும் நிர்வகிப்பது இதே தேவஸ்தானமே.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். இரு செல்வர்கள், இருவரும் தனிச் சொத்தாகவே கட்டினர். ஒன்று வாரிசுகளின் சொத்தாகவே நின்று, விளக்கு அணைந்ததும் மறைந்தது. மற்றொன்று பொதுமக்களின் கைக்கு வந்து, நாள்தோறும் விளக்கேற்றப்பட்டு, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. தம்புசாமி பிள்ளை 1902-இல் மறைந்தார். தாம் வாழ்ந்த வீட்டால் அன்றி, பொதுமக்களுக்கென ஆகிவிட்ட ஆலயங்களால்தான் இன்றும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமம் மற்றொரு சான்று. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கும் இரயில்வே வேலைக்கும் வந்து குடியேறிய தமிழர்கள் 1904-ஆம் ஆண்டு அதனைத் தோற்றுவித்தனர். அதன் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளி நம் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ளது என்பது நமக்குப் பெருமை. 2014-ஆம் ஆண்டு ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வெளியானபோது, பழைய மாணவர்களும் பொதுமக்களும் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். 2016-இல் ஆசிரமம் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் இடம்பெற்றது. 2006-இல் மாளிகைக்குக் கிட்டாத அந்தத் தாள், பத்தாண்டுகளுக்குப் பின் ஆசிரமத்துக்குக் கிட்டியது. சட்டம் அதே சட்டம்தான். ஆனால் ஆசிரமத்துக்காகத் தெருவில் நிற்க மக்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்வதற்கு ஒரு வரலாறும் இருந்தது.

தாள் இல்லாத கோயில்

ஒரு கட்டடம் நிலைக்க இரண்டு வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நான் கற்றது. ஒன்று விளக்கு, மற்றொன்று தாள். விளக்கு என்றால் அங்கே நாள்தோறும் நிகழும் வாழ்க்கை. தாள் என்றால் அதன் உரிமையையும் வரலாற்றையும் மெய்ப்பிக்கும் ஆவணம். மாளிகை இவ்விரண்டையும் இழந்தது. நம் ஆலயங்களில் விளக்கு ஒருநாளும் அணைவதில்லை. ஆறுகாலப் பூசை நடவாத சிற்றாலயத்திலும் மாலை விளக்கு எரியும். ஆனால் தாள்?

நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்து வீடுகளுக்கு எதிரே, அரசமரத்தடியில், ஒரு மாரியம்மன் கோயில். தோட்டத்து மக்கள் தம் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் கொடுத்துக் கட்டியது. முகப்பில் இருந்த சுதைச் சிற்பங்களைச் செய்தவர் அத்தோட்டத்திலேயே பால்மரம் வெட்டிய ஒருவர் என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிங்கத்தின் முகம் சிறிது பூனை போலிருக்கும். அதனால் பிள்ளைகளாகிய நாங்கள் அதனிடம் அஞ்சியதில்லை.

பின்னர் நிலம் கைமாறியது. கோயிலை இடம் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தபோது, பெரியவர்கள் எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். நிலப் பட்டா கோயில் பெயரில் இல்லை. சங்கப் பதிவு செய்யப்படவில்லை. கோயில் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இருக்கிறது" என்ற வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. அம்மன் சிலை வேறோர் இடத்துக்குச் சென்றது; இன்றும் அங்கே பூசை நடக்கிறது. ஆனால் பழைய கட்டடத்தைக் காட்டும் ஒரே நிழற்படம் என் சித்தப்பாவின் திருமணப் படம்தான். அதிலும் மணமக்களுக்குப் பின்னால் அந்தச் சிங்கத்தின் வால் பகுதி மட்டுமே தெரிகிறது.

போக் மாளிகையை எண்ணற்றோர் படம் எடுத்திருக்கிறார்கள்; அதன் கதையை நூல்கள் சொல்கின்றன. இடிந்தும் அது அழியவில்லை. எங்கள் தோட்டத்துக் கோயிலோ இடிந்த அன்றே அழிந்தது. செல்வர் வீட்டுக்கு வரலாறு எழுத ஆள் உண்டு. உழைப்பாளி கட்டிய கோயிலுக்கு நாமே எழுதினால்தான் உண்டு.

நாமே செய்யும் இழப்பும் உண்டு

பிறர் இடிப்பதைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. திருப்பணி என்ற பெயரில் நாமே பழையதை அழிப்பதும் உண்டு. சிறிய கருவறை போதவில்லை, பெரிதாகக் கட்ட வேண்டும் என்ற ஆர்வம் நல்லதே. ஆகமமும் சீர்ணோத்தாரணத்தை ஏற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துவதும் நம் மரபே. ஆனால் பழைய மண்டபத்தின் மரத்தூண், தொடக்க கால நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகை, முதல் தலைமுறை வரைந்த ஓவியம் ஆகியவை திருப்பணி முடிந்ததும் எங்கே போயின என்று கேட்டால் பல ஆலயங்களில் விடை கிடைப்பதில்லை.

திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, இறைவனின் ஆற்றலைக் கலசத்தில் எழுந்தருளச் செய்து காக்கிறோம். பழைய கட்டடத்தின் நினைவுக்கும் அத்தகைய பாலாலயம் ஒன்று தேவை. இடிப்பதற்கு முன் அளந்து, வரைந்து, படம் எடுத்து, எழுதி வைப்பதே அந்தப் பாலாலயம்.

நாம் செய்யத்தக்கவை

ஆலய நிர்வாகக் குழுவினருக்கும் அன்பர்களுக்கும் என் வேண்டுகோள்கள் மிகச் சிலவே. அவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

முதலாவதாக, ஆலய நிலத்தின் பட்டா, வாடகை அல்லது குத்தகை ஒப்பந்தம், சங்கப் பதிவுச் சான்றிதழ், கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றைத் திரட்டி, படியெடுத்து, ஓரிடத்தில் அல்லாமல் மூன்று இடங்களில் வைக்க வேண்டும். செயலாளர் மாறும்போது கோப்பும் மறைந்துவிடும் நிலை இனி இருக்கக் கூடாது.

இரண்டாவதாக, எழுபது வயதைக் கடந்த உறுப்பினர்களை அமர்த்தி, ஆலயம் தோன்றிய கதையைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இளைஞர் பகுதியினரின் கைபேசியே இதற்குப் போதும். அவர்கள் சொல்வதில் ஆண்டுகள் முன்பின் மாறலாம். அதற்கென்று தள்ளிவிடக் கூடாது. ஆவணத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஆண்டுதோறும் படம் எடுத்து, நாள் குறித்து வைக்க வேண்டும். விழா மலர்களையும் அழைப்பிதழ்களையும் எறியாமல் சேர்த்து வைக்க வேண்டும். தங்கள் கையில் உள்ள இம்மலரும் ஓர் ஆவணமே.

நான்காவதாக, பழமையான ஆலயங்கள் பாரம்பரியச் சட்டத்தின் பாதுகாப்பை நாடலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும். தலைநகரம் கூட்டரசுப் பிரதேசம். நாம் வாழ்வது சிலாங்கூர் மாநிலம். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாதலால், இங்கே ஓர் இடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க மாநிலத்தின் இசைவும் வேண்டும். முயற்சி எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே கருத்தில் கொள்வது நலம்.

இவற்றுள் முதல் மூன்றும் நம் கையிலேயே உள்ளவை. விண்ணப்பம் தேவையில்லை, அனுமதி தேவையில்லை, தொடங்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே தேவை.

அம்பாங் சாலையில் இன்று நிற்பவர் கண்ணுக்குத் தெரிவன வானளாவும் கட்டடங்களே. சைக்கிள் கடைக்காரரின் வீடு இருந்ததற்கான அடையாளம் ஏதும் இல்லை. என் தந்தையாரும் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குப் பின் ஒருநாள் அவரை அமர்த்தி, எங்கள் தோட்டத்துக் கோயிலைப் பற்றி அவருக்கு நினைவில் உள்ளதை எல்லாம் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். இரண்டு மணி நேரம் பேசினார். பூனை முகச் சிங்கத்தைச் செய்தவரின் பெயர் முதன்முறையாக எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பெயரை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அத்தகைய பெயர் ஒன்றேனும் ஒவ்வோர் அன்பரின் இல்லத்திலும் எழுதப்படக் காத்திருக்கிறது. இத்திருவிழா நாளில் ஆலயத்தில் விளக்கேற்றும் அன்பர்கள், வீடு திரும்பியதும் ஓர் ஏட்டையும் திறக்க வேண்டுமென எல்லாம் வல்ல இறைவனின் திருவடியை வேண்டி அமைகிறேன்.